மலை கடலுக்குக் கொடுப்பதை எப்படி அளப்பது?

நமுனுகுல உச்சி 2,000 மீற்றருக்கும் மேல் உயர்ந்தது. அங்கே விழும் மழை எந்தப் பக்கம் சரிகிறதோ அதைப் பொறுத்து அது சேரும் கடல் மாறும். பதுளைப் பக்கம் வழிந்தால் பதுளு ஓயாவில் இறங்கி, துன்ஹிந்தவில் குதித்து, மகாவலியோடு ஓடி, மூதூர் அருகே கொட்டியாரக் குடாவில் உப்பைத் தொடும். தெற்கே வழிந்தால் மாணிக்க கங்கையாகும். கதிர்காமத்தில் அடியார்கள் முங்கி எழும் தண்ணீர் அது, பிறகு யால காட்டுக்குள் நுழைந்து தென்கடலுக்குப் போகும். பண்டாரவளைச் சரிவின் தண்ணீர் கிரிந்தி ஓயா வழியே வெல்லவாய, லுணுகம்வெகர, திஸ்ஸமகாராம என்று இறங்குகிறது. வெலிமடைப் பக்கத்து உமா ஓயா முன்பு முழுவதும் மகாவலிக்கே போனது. 2024 ஏப்ரலில் உமா ஓயாத் திட்டம் திறக்கப்பட்ட பிறகு, அதன் ஒரு பங்கு புகுல்பொல, டயரபா அணைகளில் மறிக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிரிந்தி ஓயாவின் பக்கம் திரும்பிவிட்டது. திருகோணமலைக் கடலுக்குப் போகவேண்டிய தண்ணீர் இன்று கிரிந்தைக் கடலுக்குப் போகிறது.

ஆகவே கடல்நீரில் உள்ள உலோகங்களைப் பற்றிய பேச்சு கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஊவா மலைகளிலிருந்து கடலுக்குப் போவது என்ன, எவ்வளவு என்று கேட்கும் உரிமை லயத்துப் பீலியில் குடம் பிடிப்பவருக்கும் உண்டு. கடலை அளக்கக் கற்ற முறைகளே பீலித் தண்ணீரையும் சரியாக அளக்கக் கூடியவை. அந்த முறைகள் எங்கே நிற்கின்றன, எந்த அளவுக்கு நம்பலாம் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

மலையில் நாம் போடுவதிலிருந்து தொடங்கலாம். 1946இல் இலங்கைத் தேயிலையில் கொப்புள நோய் தென்பட்டது. இளங்கொழுந்தைத் தின்னும் இந்தப் பூஞ்சணத்துக்கு எதிராக அன்று தொடங்கிய செப்பு மருந்தடிப்பு பல தலைமுறைகளாகத் தொடர்கிறது. இலையில் விழுந்த செம்பு மழையில் கழுவுண்டு மண்ணில் தங்குகிறது. செம்பு சிதைந்து மறைவதில்லை. நாகச் சத்துக் குறைந்த தேயிலைக்கு நாக சல்பேட்டைக் கரைத்து இலைமேல் தெளிப்பதும் பழைய வழக்கம். தேயிலை மண் புளிப்பு மண். புளிப்பு கூடக்கூட மண்ணுக்குள் அடங்கிக் கிடந்த அலுமினியமும் மங்கனீசும் கரைந்து வெளியே வருகின்றன. தேயிலைச் செடி அலுமினியத்தை விரும்பி உறிஞ்சி முதிர்ந்த இலைகளில் சேர்த்து வைப்பது. கவ்வாத்து வெட்டிய கிளைகளும் இலைகளும் அதே மண்ணில் அழுகும்போது அது மறுபடி மண்ணுக்குத் திரும்புகிறது.

கட்மியத்தின் கதை வேறு. அதை யாரும் வேண்டுமென்று போடுவதில்லை. அது பொஸ்பேட் உரத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. கடலடிப் படிவுகளிலிருந்து தோண்டும் பொஸ்பேட் பாறைகளில் கட்மியம் அதிகம். தீப்பாறைகளில் பிறந்த அப்பற்றைற் என்ற பொஸ்பேட் கனிமத்தில் குறைவு. எப்பாவலையில் 1971இல் கண்டுபிடிக்கப்பட்டது இந்த இரண்டாவது வகை. தேயிலைக்கு எப்பாவலைப் பாறைத்தூளையே கலந்து போட முடிகிறது, ஏனென்றால் புளிப்பு மண் அதை மெல்லக் கரைத்துக்கொள்ளும். வெலிமடை, ஊவா பரணகம பக்கத்து உருளைக்கிழங்கு, மரக்கறிப் பாத்திகளுக்கு அந்த மெதுவான உரம் போதாது. அவற்றுக்கு இறக்குமதியாகும் டிஎஸ்பி (ட்ரிபிள் சுப்பர் பொஸ்பேட்) உரம்தான். தேயிலை மலையும் மரக்கறிப் பாத்தியும் ஒரே ஓடையில் வடிந்தாலும், கட்மியக் கணக்கில் இரண்டையும் ஒன்றாகப் போடக் கூடாது. இதைப் பிரித்துப் பார்க்காமல் ‘மலைநாட்டு விவசாயம்’ என்று மொத்தமாகக் குற்றம் சொல்வது தோட்டங்களுக்கு இழைக்கும் அநீதி.

கட்மியமும் பொஸ்பேட்டும் சேர்ந்தே திரிவது உர மூட்டையில் மட்டுமல்ல. 1976இல் எட்வர்ட் பாயில், ஸ்க்ளேட்டர், எட்மண்ட் ஆகிய மூவர் பசிபிக் கடலின் மேலிருந்து ஆழம்வரை கட்மியத்தை அளந்து பார்த்தபோது, அது பொஸ்பேட்டின் கோட்டை அப்படியே பின்தொடர்ந்தது. வெயில் படும் மேற்பரப்பில் நுண்தாவரங்கள் பொஸ்பேட்டை உறிஞ்சும்போது கட்மியத்தையும் உறிஞ்சுகின்றன; செத்து ஆழத்தில் அழுகும்போது இரண்டையும் ஒன்றாக விடுகின்றன. நஞ்சு என்று மட்டுமே அறியப்பட்ட ஓர் உலோகம் கடலில் ஊட்டச்சத்தின் பாதையில் நடந்தது. அதுவரை வெளிவந்திருந்த கடல்நீர் உலோக அளவுகளில் மிகப் பெரும்பாலானவை பிழை என்பதும் அந்த ஆண்டுகளில்தான் தெளிவானது.

பிழைக்குக் காரணம் உப்பு, அழுக்கு இரண்டும்.

உப்பை முதலில் பார்ப்போம். ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அதில் மக்னீசியம் மட்டும் 1.3 கிராம். மேற்பரப்புக் கடலில் கட்மியம் ஒரு நனோகிராம் அளவிலும் அதற்குக் கீழும் இருக்கும். ஒரு பங்கு கட்மியத்துக்கு எதிரே 130 கோடிப் பங்கு மக்னீசியம் நிற்கிறது; சோடியமும் குளோரைட்டும் அதைவிடப் பல மடங்கு. எந்தக் கருவியில் நேரே ஊற்றினாலும் உப்பு அதன் வாயை அடைத்துவிடும். வேண்டியதைப் பிடித்துக்கொண்டு வேண்டாததை வழியவிடும் ஒரு சல்லடை வேண்டும். அந்தச் சல்லடைதான் வண்ணப்பிரிகை, அதாவது குரோமட்டோகிராபி.

அது பிறந்ததே பச்சை இலையிலிருந்து. வார்சாவில் இருந்த ருஷ்யத் தாவரவியலாளர் மிகாயில் ஸ்வெட், இலைச் சாற்றைச் சுண்ணாம்புத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் மேலே விட்டார். சாறு இறங்கும்போது பச்சையும் மஞ்சளும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்தன. ஒவ்வொரு நிறமும் தூளோடு எவ்வளவு ஒட்டுகிறதோ அவ்வளவு பின்தங்கியது. 1906இல் அந்த முறைக்கு அவர் பெயர் வைத்தார். ஏழு பத்தாண்டு கழித்து, 1975இல், டவ் நிறுவனத்தின் ஹேமிஷ் ஸ்மோலும் வேறு இருவரும் அதே கொள்கையை அயன்களுக்குப் பொருத்தி, அயன் வண்ணப்பிரிகையை வேலைக்கு ஏற்ற கருவியாக்கினார்கள்.

கடல்நீருக்கு வெறும் அயன் மாற்றம் போதாது. சோடியம் கூட்டம் எல்லா இருக்கைகளையும் பிடித்துவிடும். தேவை, ஆளைப் பார்த்துப் பிடிக்கும் கை. 1968இல் ரைலியும் டெய்லரும் செலெக்ஸ்-100 என்ற பிசின் மணிகளைக் கடல்நீருக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். அந்த மணிகளின் மேல் இமினோடையசெற்றேட் என்ற மூலக்கூறு முளைத்திருக்கும். அதில் ஒரு நைதரசன், இருபுறமும் இரண்டு காபொட்சிலேட் கை. செம்பு, நிக்கல், நாகம், கட்மியம், ஈயம் போன்றவற்றை அது மூன்று பக்கத்திலும் நண்டுபோல் கவ்வும். கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடிப்பது தளர்வாகத்தான். அமோனியம் அசெற்றேட் தாங்கற் கரைசலில் பீஎச்சை 5.5 அளவில் வைத்துக் கழுவினால் அவை இரண்டும் கையை விட்டுவிடும், நண்டு கவ்வியவை நிற்கும். பிறகு சிறிதளவு நைத்திரிக் அமிலத்தை விட்டால் கவ்வியதையும் விடும். 100 மில்லிலீற்றர் கடல்நீரிலிருந்து பிடித்ததை 1 மில்லிலீற்றர் அமிலத்தில் இறக்கினால் உப்பும் போயிற்று, உலோகமும் நூறு மடங்கு செறிந்தது.

அதன்பின் இரண்டாவது நிரல். பிரிடின் டைகாபொட்சிலிக் அமிலம் ஓடும் நிரலில் இரும்பு முதலில், அடுத்து செம்பு, நிக்கல், நாகம், கோபால்ட்டு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். வரும் வழியில் பார் எனப்படும் சாயத்தைக் கலந்தால் மஞ்சள் நிறம் செம்மையாகும்; 530 நனோமீற்றர் அளவிலான ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறதோ அது உலோகத்தின் அளவு. ஸ்வெட் கண்ணால் பார்த்த பட்டையை இங்கே ஒளிமானி பார்க்கிறது. இத்தகைய கருவி ஒரு மாவட்டப் பல்கலைக்கழகத்துக்கு எட்டாததல்ல. திணிவு நிறமாலைமானியின் விலையோ, அது குடிக்கும் ஆகன் வாயுவோ இதற்குத் தேவையில்லை. 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கிறது. பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. மலைத்தண்ணீரை மலையிலேயே அளக்கும் நாள் வரவேண்டும் என்று நான் விரும்புவது இந்தக் காரணத்தால்.

ஆழ்கடல் ஆய்வில் இன்று முன்னிற்பது இரண்டும் சேர்ந்த முறை: பிசின் நிரலில் பிரித்துச் செறித்து, தூண்டிய பிளாஸ்மாத் திணிவு நிறமாலைமானியில் எண்ணுவது. 2009இன் கடைசியில் ஹக்குஹோ மாரு என்ற ஜப்பானியக் கப்பல் இந்துசமுத்திரத்தில் நீர் எடுத்தது. கியோத்தோ பல்கலைக்கழகத்தின் வூவும் சோரினும் நோபியாஸ் என்ற கவ்வுபிசினால் அந்நீரிலிருந்து அலுமினியம், மங்கனீசு, இரும்பு, கோபால்ட்டு, நிக்கல், செம்பு, நாகம், கட்மியம், ஈயம் ஒன்பதையும் ஒரே ஓட்டத்தில் பிரித்து அளந்து 2013இல் வெளியிட்டார்கள். உலகக் கடல்கள் முழுதையும் இப்படி அளக்கும் ஜியோட்ரேசஸ் திட்டத்தின் ஒரு கண்ணி அது.

இந்தப் பெருங்கருவிக்கும் கண்மயக்கம் உண்டு. அது உலோகத்தைப் பெயரால் அல்ல, எடையால் அறிகிறது. கடல்நீரில் ஒரு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம் மொலிப்டினம் உண்டு. 95 எடையுள்ள மொலிப்டினம் 16 எடையுள்ள ஒட்சிசனோடு பிளாஸ்மாவில் சேர்ந்தால் 111; கட்மியத்தின் ஒரு சமதானியின் எடையும் 111. திருத்தம் செய்யாதவருக்கு மொலிப்டினம் கட்மியமாகத் தெரியும். ஆகன் 40, குளோரின் 35, கூட்டினால் 75. ஆசனிக்கின் எடையும் 75. குளோரைட்டு மிகுந்த எந்தத் தண்ணீரிலும், சிறுநீரிலும்கூட, இல்லாத ஆசனிக் தோன்றலாம். முன்னால் ஒரு வண்ணப்பிரிகை நிரல் இருந்தால் குளோரைட்டு ஒரு நேரத்தில் வரும், ஆசனிக் வேறு நேரத்தில் வரும், மயக்கம் தீரும்.

நிரல் செய்யும் இன்னொரு உதவி இதைவிடப் பெரிது. அது உலோகத்தின் வடிவத்தைச் சொல்லும். குரோமியம் மூன்றும் குரோமியம் ஆறும் ஒன்றல்ல, குரோமியம் ஆறுதான் நஞ்சு. ஆசனிக்கிலும் அப்படியே. நெத்தலியும் கருவாடும் சாப்பிட்டவரின் சிறுநீரில் ஆசனோபீற்றைன் இருக்கும். அது கடலுயிர்களின் உடலில் உருவாகும் தீங்கற்ற ஆசனிக் சேர்மம். மொத்த ஆசனிக்கை மட்டும் அளக்கும் கருவி, கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட தோட்டத் தொழிலாளியையும் நஞ்சூட்டப்பட்டவரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடும்.

முறையின் குறைகளையும் மறைக்கக் கூடாது. கடலில் கரைந்துள்ள செம்பில் நூற்றுக்கு 99 பங்குக்கும் மேல் ஏதோவொரு கரிமப் பொருளின் பிடியில் இருக்கிறது. அந்தப் பிடி பிசினின் பிடியைவிடப் பலமானதென்றால் செம்பு நிரலில் நிற்காமல் வழிந்துபோகும்; அளவு குறைவாகத் தெரியும். செம்புக்கும் கோபால்ட்டுக்கும் இதனாலேயே மாதிரியை அமிலமாக்கிப் புற ஊதா ஒளியில் வைத்துக் கரிமத்தைச் சிதைக்கிறார்கள். தேயிலைச் சரிவின் ஓடைகள் மக்கிய இலைகளின் கியூமிக் அமிலங்களைச் சுமந்து வருபவை. கடலைவிட இங்கே அந்தப் படி இன்னும் அவசியம். அதைச் செய்யாமல் ‘செம்பு குறைவு’ என்று எழுதும் அறிக்கை ஆறுதல் தரலாம், உண்மை தராது.

இனி அழுக்கு. கலிபோர்னியத் தொழில்நுட்ப நிறுவனத்தின் கிளேர் பற்றர்சன் பூமியின் வயதை ஈயத்தின் சமதானிகளால் கணித்தவர். அவர் கையாண்ட ஈயம் மிகமிகக் குறைவு என்பதால், ஆய்வறைத் தூசியிலும் குழாயிலும் அமிலத்திலும் இருந்த ஈயமே தன் மாதிரியை மூழ்கடிப்பதைக் கண்டார். சுவரைக் கழுவினார், காற்றை வடிகட்டினார், அமிலத்தைத் தானே வடித்தெடுத்தார். அந்தத் தூய அறையிலிருந்து கடலை அளந்தபோதுதான், மேற்பரப்பில் ஈயம் மிகுந்தும் ஆழத்தில் குறைந்தும் இருப்பது தெரிந்தது. ஈயம் மேலேயிருந்து விழுகிறது. பெற்றோலில் கலந்த ஈயம். அவர் அந்தப் பெற்றோலுக்கு எதிராகப் பல ஆண்டுகள் போராடினார். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றது.

பற்றர்சனின் பாடம் பதுளைக்கு அப்படியே பொருந்தும். பீலி பல இடங்களில் நாகம் பூசிய இரும்புக் குழாய். பூச்சு நாகத்தில் கட்மியம் கலப்பாக இருக்கும். அந்தக் குழாய் வாயில் போத்தலைப் பிடித்தால் அளப்பது மலையை அல்ல, குழாயை. குடிப்பவர் குழாய்த் தண்ணீரைத்தான் குடிக்கிறார் என்பதால் அதையும் அளக்கவேண்டும். ஆனால் ஊற்றில் ஒன்று, பீலியில் ஒன்று என்று தனித்தனியே. பித்தளைத் திருகு செம்பும் ஈயமும் தரும். இறப்பர்க் கையுறை நாகம் தரும். அமிலத்தில் நாட்கணக்கில் ஊறாத பிளாஸ்டிக் போத்தல் எதையும் தரும்.

இப்படியெல்லாம் பார்க்காத எண்கள் ஒரு நாட்டை எப்படி அலைக்கழிக்கும் என்பதற்கு ஊவாவிலேயே சாட்சி இருக்கிறது. பதுளை மாவட்டத்தின் வடகோடியில், மகியங்கனைக்கு அப்பால், கிராந்துருகோட்டே. மகாவலி சீ வலயத்தின் குடியேற்றம். மினிப்பேயிலிருந்து வலதுகரைக் கால்வாய் உல்ஹிட்டிய குளத்துக்கு வந்து அந்த வயல்களை நனைக்கிறது. ரந்தெம்பையில் உமா ஓயா கலந்த தண்ணீர் அது. 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்தில் கண்ட காரணம் தெரியாச் சிறுநீரக நோய் கிராந்துருகோட்டேயிலும் வேரூன்றியது. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத நடுவயது விவசாயிகளின் சிறுநீரகங்கள் சத்தமில்லாமல் சுருங்கின.

2008இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஒரு குழு, வடமத்திய மாகாணக் குளங்களில் கட்மியம் லீற்றருக்கு 30 முதல் 60 மைக்ரோகிராம் என்று எழுதியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு அளவு 3 மைக்ரோகிராம். அடுத்துவந்த கட்டுரையில் அந்தக் கட்மியம் மேல் மகாவலிப் பகுதியின் விவசாய இடுபொருட்களிலிருந்து வருவதாகச் சொல்லப்பட்டது. மலையை நோக்கி விரல் நீண்டது. 2011இல் அதே பேராதனையின் புவிச்சரிதவியல் ஆய்வாளர்கள் கிராந்துருகோட்டே உட்பட நோயுள்ள இடங்களின் நீரை அளந்து, கட்மியம் அப்படி உயர்ந்திருக்கவில்லை என்றார்கள். நீரின் வேதியியல் தன்மையையும் புளோரைட்டையும் காட்டினார்கள். இரண்டும் வந்தது ஒரே ஆய்விதழில். 2013இல் உலகச் சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து நடந்த பெரிய ஆய்வில் குடிநீர்க் கட்மியம் வரம்புக்குள்ளேயே இருந்தது. ஆனால் நோயாளிகளின் சிறுநீரில், ஒரு கிராம் கிரியற்றினினுக்குச் சராசரி 1.04 மைக்ரோகிராம் கட்மியம். அதே பிரதேசத்தில் நோயில்லாதவர்களிடம் 0.65, நோயில்லாத பிரதேசத்தில் 0.35.

பத்து மடங்கு வேறுபடும் இரண்டு எண்கள் ஒரே மண்ணிலிருந்து வந்தால், முதலில் செய்ய வேண்டியது ஒரே போத்தலின் தண்ணீரை இரண்டு கூடத்துக்கும் கொடுப்பது. கடலாய்வாளர்கள் அதைத்தான் செய்தார்கள். 2004இல் வட பசிபிக்கில் ஒரே தொட்டியில் எடுத்த நீரை நூற்றுக்கணக்கான சிறு போத்தல்களில் அடைத்து உலகெங்கும் அனுப்பி, எல்லோரும் ஒரே எண்ணுக்கு வரும்வரை முறைகளைத் திருத்தினார்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சிச் சபை கடலுக்கும் கரைநீருக்கும் அளவு உறுதிசெய்த மாதிரிகளை விற்கிறது. நம் நாட்டில் அந்த இடத்தை விவாத மேடைகள் நிரப்பின. நோயாளிகள் காத்திருந்தார்கள்.

அந்த விவாதத்தின் ஒரு கிளை தோட்டங்களைத் தொட்டது. 2014இல் ரஜரட்டப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒருவரும் உடன் எழுதியவர்களும், கிளைபொசேட் களைநாசினி கடினநீரில் உலோகங்களைக் கவ்விச் சிறுநீரகத்துக்குக் கொண்டுபோகிறது என்ற கருதுகோளை முன்வைத்தார்கள். 2015இல் கிளைபொசேட் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் தேயிலை மலைகளில் புல் வெட்டிய கைகள் எல்லாம் அந்தக் கருதுகோளின் பாரத்தைச் சுமந்தன. வேதியியல் அமைப்பில் கிளைபொசேட் நம் பிசின் மணியின் நெருங்கிய உறவு. இமினோடையசெற்றேட்டின் ஒரு காபொட்சிலேட் கையை எடுத்துவிட்டுப் பொஸ்போனேட் கையை வைத்தால் அது கிளைபொசேட். 1964இல் அதற்குக் கிடைத்த முதல் காப்புரிமையே உலோகம் கவ்வும் பொருள் என்றுதான். கவ்வும் என்பது உண்மை. குடிநீரின் நிலையில் எந்த உலோகத்தை எவ்வளவு கவ்வுகிறது, கவ்வியது உடலுக்குள் என்ன ஆகிறது என்பவை அளந்து காட்டவேண்டியவை. வடிவங்களைப் பிரித்தறியும் வண்ணப்பிரிகைக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி இருக்க முடியாது.

மலையிலிருந்து போனது கடலில் என்ன ஆகும்? ஆற்றில் கரைந்துவரும் இரும்பு உப்பைத் தொட்டதும் திரிந்து படிகிறது. பெரும்பங்கு கழிமுகத்தைத் தாண்டுவதில்லை. கட்மியம் நேர்மாறு. ஆற்றில் மண்துகளோடு ஒட்டி வந்தது, குளோரைட்டு தன்னை இழுத்துக்கொள்வதால் துகளைவிட்டுக் கரைகிறது. அதனால் அரித்து ஓடும் மண்ணை வடிகட்டி எறிந்துவிட்டுத் தெளிநீரை மட்டும் அளப்பவர் பாதியைத் தவறவிடுவார். உமா ஓயா ரந்தெம்பை நீர்த்தேக்கத்தை வண்டலால் நிரப்பிவந்த ஆறு. அந்த வண்டலில் எவ்வளவு கட்மியம் படுத்திருக்கிறது, புதுச் சுரங்கம் வழியே தெற்கே திரும்பியது எவ்வளவு என்பதற்கு வண்டலையும் அளக்கவேண்டும்.

காலமும் கணக்கில் உண்டு. ஊவாவின் பெருமழை ஐப்பசியிலிருந்து தை வரை, வடகீழ்க் காற்றோடு வருவது. கச்சான் வீசும் ஓகஸ்ட், செப்டெம்பரில் கொழுந்துக்கு மணம் ஏறும், ஓடைகள் மெலியும். மெலிந்த ஓடையில் ஊற்றின் உலோகம் தெரியும். உரம் போட்டபின் வரும் முதல் பெருமழையில் மலைமேல் போட்டது தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை, வசதியான ஒரு நாளில் எடுத்த போத்தல் இரண்டையும் சொல்லாது.

ஒரு வரிசையை மனதில் வைத்துப் பார்க்கிறேன். பசறைக்கு மேலே தேயிலைக்கு நடுவே ஓர் ஊற்று. அதன் கீழே லயத்துப் பீலி. வெலிமடையில் ஒரு மரக்கறிச் சரிவின் கால்வாய். துன்ஹிந்தவுக்குக் கீழே பதுளு ஓயா. உல்ஹிட்டியக் கால்வாய், கிராந்துருகோட்டேயில் ஒரு கிணறு. மூதூரில் ஆறு கடலோடு கலக்கும் இடம், அங்கிருந்து படகில் ஒரு மணிநேரம் வெளியே. ஒவ்வோர் இடத்திலும் கச்சான் காலத்தில் ஒன்று, மார்கழி வெள்ளத்தில் ஒன்று. ஒவ்வொரு மாதிரியிலும் பாதி பதுளைக்கு, பாதி இன்னொரு கூடத்துக்கு. அவற்றோடு, வடித்த தூய நீர் நிரப்பிய ஒரு போத்தலும் முழு வழியும் கூடவே போகும். ஊற்றில் மூடி திறந்து மூடப்படும், பீலியில் திறக்கப்படும், படகில் திறக்கப்படும். கடைசியில் நிரலில் முதலில் ஓடவேண்டியது அதுதான். அதில் கட்மியம் இல்லை என்று கண்ட பிறகே பீலித் தண்ணீரை ஊற்றலாம்.